தோழியின் கதையும் தந்தையின் கூற்றும்

படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பாகான் டத்தோவில் பஞ்சமே இல்லை. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. பேராக் ஆறு கடலில் விழும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தென்னை, அதைத் தாண்டினால் செம்பனை, நடுவே மிச்சமிருக்கும் சில லயத்து வீடுகள், வேம்படியில் ஒரு முனியாண்டி. எந்தப் பக்கம் திருப்பினாலும் திரை நிறைந்துவிடும். ஆள்தான் அதில் நிற்கமாட்டேன் என்கிறார்.

சில மாதங்களுக்கு முன்பு இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் திரைக்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். பத்து நிமிடக் குறும்படம். தோட்டத்துப் பெண் ஒருத்தி ஒருவனைக் காதலிக்கிறாள். சாதி பார்த்து அப்பா மறுக்கிறார். பெண் சாகிறாள். திரை இருண்டு, வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம் வருகிறது. படித்து முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டேன்.

“இந்த அப்பா என்ன வேலை செய்யிறாரு?”

“தோட்டத்து வேலை சார்.”

“தேங்காய் உரிக்கிறாரா, செம்பனை வெட்டுறாரா, லோரி ஓட்டுறாரா?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது முக்கியமா சார்? மெசேஜ்தானே முக்கியம்?” என்றான் ஒருவன்.

மண்ணில் நட்ட இரும்பு முனையில் நாள் முழுக்கத் தேங்காயைக் குத்தித் திருகுகிறவரின் உள்ளங்கை ஒரு மாதிரி இருக்கும். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து அண்ணாந்து குலை வெட்டுகிறவரின் கழுத்து வேறு மாதிரி இருக்கும். மகளை அடிக்க ஓங்கும் கை எந்தக் கை என்று தெரியாமல் அந்த அடியை எப்படிப் படம் பிடிப்பார்கள்? இதை வாயால் சொன்னால் பாடமாகிவிடும். அதனால் காப்பி கலந்து கொடுத்து, தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்து, இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டேன்.

இரண்டும் ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் உள்ளவை. 2020 டிசம்பர் 18 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான நான்கு குறும்படங்களின் தொகுப்பு அது. முதல் படம் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’, கடைசிப் படம் வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’. இடையில் வருபவை விக்னேஷ் சிவனும் கௌதம் வாசுதேவ் மேனனும் எடுத்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். முதலும் கடைசியும் ஒன்றோடொன்று பேசுகிற அளவுக்கு நடுவில் உள்ளவை பேசவில்லை.

இரண்டுக்கும் அடிப்படை குடும்ப மானம். இரண்டிலும் ஒரு ஜோடி வீட்டை மீறிப் போகிறது, ஓர் உயிர் பலியாகிறது. இதற்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பெயர் உண்டு: உடன்போக்கு. சங்க அகப்பாடல்களில் அதற்கென்று இலக்கணமே இருக்கிறது. தலைவியைத் தலைவனோடு அனுப்பிவைக்கிறவள் தோழி. பின்னாலேயே பாலை வழியில் தேடிப் போகிறவள் செவிலி. வீட்டில் கிடந்து புலம்புகிறவள் நற்றாய். யார் யார் பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு பட்டியலே போடுகிறது. அதோடு, யாருக்கு நேரடிக் கூற்று கிடையாது என்றும் சொல்கிறது. ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன்மார் போன்றவர்கள் அந்த வரிசை. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம். அவர்களே வந்து பேசக் கூடாது.

தோழியின் நிலை இன்னும் விசித்திரம். அகப்பாடல்களில் அவள் ஓயாமல் பேசுகிறாள். தலைவனைக் கடிகிறாள், செவிலியிடம் உண்மையை உடைக்கிறாள், தலைவியைத் தேற்றுகிறாள். ஆனால் அவளுக்கென்று ஒரு காதல் இருந்ததா, அவள் யாரை மணந்தாள் என்று ஒரு பாட்டும் சொல்லாது.

‘தங்கம்’ அந்தத் தோழியின் கதை. ‘ஓர் இரவு’ அந்தத் தந்தையின் கூற்று. இயக்குநர்கள் இதை நினைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிப் பார்த்தால்தான் இரண்டு படங்களும் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே தடுக்கி விழுகின்றன என்பது எனக்குப் பிடிபட்டது.

‘தங்கம்’ 1981இல், கொங்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தாரை ஊர் ஆணாகப் பார்க்கிறது, அப்படிப் பார்த்துக் கேலியும் செய்கிறது. சத்தார் தன்னைப் பெண்ணாக உணர்கிறாள். நானும் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். பம்பாய் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். சரவணன் (சாந்தனு) மேல் உயிராக இருக்கிறாள். அவனைத் ‘தங்கம்’ என்றுதான் கூப்பிடுவாள். சரவணனோ சத்தாரின் தங்கை சாஹிராவை (பவானி ஸ்ரீ) காதலிக்கிறான். மதம் வேறு, ஊர் விடாது. அந்த ஜோடி தப்பிப் போகத் தான் சேர்த்த காசை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைப்பது சத்தார். கச்சிதமாகத் தோழியின் வேலை. தோழியே தலைவனைக் காதலித்தவள் என்பதுதான் சங்கப்பாட்டு தொடாத இடம்.

முதலில் அந்த ஒற்றைச் சொல்லைக் கவனியுங்கள். ‘தங்கம்’ என்று நாம் யாரைத்தான் கூப்பிடுவதில்லை? பேரப்பிள்ளையை, கடைக்கு வரும் சின்னப் பெண்ணை, சமயத்தில் வீட்டு நாயைக்கூட. இடத்துக்குத் தக்க அர்த்தம் கொள்ளும் சொல் அது. சத்தார் கூப்பிடும்போது அவள் காதில் ஒன்றும் சரவணன் காதில் வேறொன்றுமாக விழுகிறது. இருவருக்கும் நடுவில் உள்ளதைச் சொல்ல இதற்கு மேல் வசனம் தேவையில்லை. இன்னொருவர் எடுத்திருந்தால் நான்கு காட்சியும் ஒரு பாட்டும் போட்டிருப்பார்.

அடுத்து, அந்தக் காசு. படத்தின் தொடக்கத்திலேயே அது எதற்கான காசு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் சத்தார் அதை எடுத்து நீட்டும்போது கை மாறுவது வெறும் ரூபாய்த் தாளாகத் தெரிவதில்லை. தனக்கு வரவிருந்த உடம்பையே எடுத்துக் கொடுக்கிறாள். பாத்திரத்தின் மொத்த இயல்பும் ஒரு கைநீட்டலில் முடிந்துவிடுகிறது. ‘இவள் தியாகி’ என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. என் வீட்டுக்கு வந்த பெண் இந்த இடத்தில் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

குறை இதற்குப் பிறகு தொடங்குகிறது. ஜோடி ஊரை விட்டுப் போகிறது. ஓர் ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறது. சத்தார் எங்கே என்று கேட்கும்போதுதான் அவள் இல்லை என்று தெரிகிறது. அவளுக்கு நேர்ந்ததைப் படம் பின்னோக்கிப் போய்க் காட்டுகிறது: வீட்டார் கைவிட்டது, ஆண்கள் துரத்தியது, அவள் கதவு கதவாகத் தட்டியும் ஒரு கதவும் திறக்காதது. அரை மணிக்குச் சற்றே கூடின படத்தில் ஒரு நட்பு, ஒரு காதல் ஒப்புதல், ஒரு ஓட்டம், ஓர் ஆண்டு இடைவெளி, ஒரு திரும்புதல், ஒரு சாவு. நாவலுக்கான சரக்கு. சின்னக் கூடையில் பெரிய பலாப்பழத்தை அமுக்கி வைத்தது போல இருக்கிறது. நேரம் போதாததால் கடைசிப் பகுதியில் கொடுமைக்கு மேல் கொடுமை வந்து விழுகிறது, இசையும் சேர்ந்து அழுத்துகிறது. அழுதேன், மறுக்கவில்லை. அழுது முடித்தபின், அழவைத்துவிட்டார்கள் என்ற சின்னக் கோபமும் வந்தது.

ஒரு திருநங்கைக் கலைஞரையே சத்தாராக நடிக்க வைத்திருக்கலாமே என்ற கேள்வியும் எனக்கு உண்டு. காளிதாஸ் நன்றாகச் செய்திருக்கிறார் என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

‘ஓர் இரவு’ இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று தொடங்குகிறது. ஓடிப்போவது, ஊர் கொந்தளிப்பது எல்லாம் படம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டன. சுமதி (சாய் பல்லவி) தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஹரியை மணந்து பெங்களூரில் வசதியாக இருக்கிறாள், கருவுற்றிருக்கிறாள். நெடுநாள் பேச்சு வார்த்தையில்லாத அப்பா ஜானகிராமன் (பிரகாஷ்ராஜ்) தேடி வருகிறார். ஊரில் வளைகாப்பு வைக்கலாம் என்கிறார். மகள் பூரித்துப்போய்க் கூடவே கிளம்புகிறாள். வளைகாப்புக்கு முந்தின இரவு அவள் குடிக்கும் தண்ணீரில் அப்பா விஷம் வைத்திருக்கிறார். விடியும்முன் முடிந்துவிடுகிறது. கதை அவ்வளவுதான். நான்கு வரியில் சொல்லிவிடலாம். குறும்படத்துக்கு இதுதான் அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. காலத்தைச் சுருக்கி ஓட்டவேண்டிய அவசரம் இல்லாததால், இருக்கிற ஓர் இரவை வெற்றிமாறன் நிதானமாக நீட்டுகிறார்.

பிரகாஷ்ராஜ் கத்தாதது இந்தப் படத்தின் பெரிய பலம். அவர் கத்தி நாம் எவ்வளவோ படம் பார்த்திருக்கிறோம். இங்கே அவர் கல்யாணமான மகள் வீட்டுக்கு முதன்முதலாக வந்து கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் எந்த அப்பாவைப் போலவும் இருக்கிறார். பந்திங்கிலோ கிள்ளானிலோ அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகளைப் பார்க்க, நம் பக்கத்திலிருந்து தேங்காயும் கருவாடும் பையில் கட்டிக்கொண்டு போய், எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் நிற்பார்களே, அந்த மாதிரி. முதல் முறை பார்க்கும்போது அவர்மேல் நமக்கு இரக்கமே வருகிறது. இரண்டாம் முறை பார்த்தால் அதே சொற்கள், அதே சிரிப்பு, ஆனால் வயிற்றைப் பிசைகிறது.

எந்தக் கணத்தில் அவர் முடிவெடுத்தார்? இதில் எங்கள் நால்வருக்கும் ஒத்துப்போகவில்லை. பெங்களூருக்குப் பேருந்து ஏறும்போதே முடிவோடுதான் ஏறினார் என்றான் ஒருவன். இல்லை, மகள் வீட்டு வசதியைப் பார்த்து ஒரு கணம் மனம் இளகிற்று, ஊர் திரும்பி மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபின் கெட்டிப்பட்டது என்றாள் அந்தப் பெண். படம் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாதபோதும் அந்த மனிதரை நமக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது போல இருக்கிறது. பாத்திரப் படைப்பில் இது மேலான கைப்பக்குவம்.

அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வாசலுக்கு வந்தவர் யாரானாலும் நாம் முதலில் கேட்பது தண்ணீர் வேண்டுமா என்றுதான். சாகக் கிடப்பவர் வாயில் கடைசியாக விடுவதும் அதுதான். கத்தியோ கயிறோ எடுத்திருந்தால் அந்த அப்பா கொலைகாரராக மட்டும் தெரிவார். தண்ணீரை எடுத்ததால் அவர் கடைசி வரை அப்பாவாகவும் தெரிகிறார். தாங்க முடியாதது அதுதான். கொலைக்கருவியைத் தேர்ந்தெடுப்பதே பாத்திரத்தைத் தீர்மானிப்பது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உடனே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதாதீர்கள், இன்னொரு தடவை பாருங்கள் என்றேன்.

இப்போது ஊருக்கு வருவோம். ‘தங்கம்’ படத்தில் ஊர் நேரடியாகப் பேசுகிறது; ஏசுகிறது, கேலி செய்கிறது, துரத்துகிறது. ‘ஓர் இரவு’ படத்தில் ஊரை நாம் பார்ப்பதே குறைவு. தலை நிமிர முடியவில்லை, மற்றப் பிள்ளைகளின் வாழ்க்கை போச்சு என்று ஜானகிராமன் வாயிலாகத்தான் ஊர் வருகிறது. செய்யுளியல் சொன்ன அதே முறை: ஊருக்குக் கூற்று இல்லை, பிறர் எடுத்துச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரிகிற ஊரைவிடத் தெரியாத ஊர் பெரிதாக இருக்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று ஆயுள் முழுக்கக் கேட்கிறோம், அந்த நாலு பேரை யார் பார்த்திருக்கிறோம்? நெட்ஃபிளிக்ஸ் தன் பட்டியலில் தலைப்பை ரோமன் எழுத்தில் போட்டிருந்த விதத்தில் நான் முதலில் அதை ‘ஊர் இரவு’ என்றுதான் வாசித்தேன். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

மலேசியத் தமிழர்களான நமக்கு இந்தச் சாதிக் கதை தூரத்துச் சங்கதி என்று தோன்றலாம். தைப்பூசத்தில் காவடி தூக்கும்போது எல்லாரும் தமிழர். தமிழ்ப்பள்ளியை மூடப்போகிறார்கள் என்றால் எல்லாரும் தமிழர். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன்பு மட்டும் ஒரு பெரியம்மா குரலைத் தாழ்த்தி, “அவங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பார். கப்பலில் வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. யாரும் அதை இறக்கி வைக்கவில்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ‘ஓர் இரவு’ மேல் எனக்குள்ள மனத்தாங்கலைச் சொல்லாமல் விடமுடியாது. அகமரபு தந்தைக்குத் தராத பேச்சை இந்தப் படம் தந்தது. யாரிடமிருந்து எடுத்துத் தந்தது? ஹரியிடமிருந்து. எவனுடைய சாதிக்காக ஒரு பெண் கொல்லப்படுகிறாளோ, அவனுக்குப் படத்தில் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. அவனுக்கு என்ன பிடிக்கும், அவன் எப்படிக் கோபப்படுவான், மாமனார் வாசலில் வந்து நின்றபோது அவன் அடிவயிற்றில் என்ன ஓடியது, எதுவும் நமக்குத் தெரியாது. சுமதியும் முதல் பாதியில் ஆளாக இருக்கிறாள்; பிற்பாதியில் துடிக்கும் உடம்பாகிவிடுகிறாள். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் தாய் அலற, இந்தப் பக்கம் நாம் அவள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சாய் பல்லவியின் நடிப்பைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கொல்பவரின் மனம் நமக்கு வீடு மாதிரிப் பழகிவிடுகிறது, கொல்லப்பட்டவளின் மனம் வாசலோடு நின்றுவிடுகிறது.

சத்தாருக்கு இது நேரவில்லை. ‘தங்கம்’ கதைசொல்லலில் தடுமாறுகிறது, அவசரப்படுகிறது, கண்ணீருக்கு ஆள் பிடிக்கிறது. ஆனாலும் படம் முடிந்து பல நாள் கழித்து நினைவில் வந்து நிற்பவள் சத்தார். அவள் கேலி, அவள் நடை, அவள் கூப்பிடும் குரல். அவளைக் கொன்றவர்களின் முகம் எனக்கு ஞாபகமில்லை. ‘ஓர் இரவு’ பார்த்தபின் மறக்க முடியாத முகம் ஜானகிராமனுடையது. கதை கட்டும் திறத்துக்கு வெற்றிமாறன் படத்தையும், யாரை நம் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்ற தேர்வுக்குச் சுதா கொங்கரா படத்தையும் நான் முன்னால் வைப்பேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கட்டாயப்படுத்தினால், குறைகளோடு ‘தங்கம்’.

பையன்களுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ‘ஓர் இரவு’தான் மாஸ் என்றார்கள். அவர்கள் வளர்ந்தது யூடியூப் குறும்படங்களில். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2010 வாக்கில் கலைஞர் தொலைக்காட்சியில் வந்த ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன் என்று ஒரு வரிசை சினிமாவுக்குள் போனது. நல்லதுதான். ஆனால் பத்து நிமிடத்தில் திறமையைக் காட்டியாக வேண்டும் என்ற போட்டி, கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் வைத்தே ஆகவேண்டும் என்ற பழக்கத்தையும் கொண்டுவந்தது. அந்தப் பழக்கம் கடல் தாண்டி இங்கே வந்தபோது திருப்பமும் மெசேஜும் வந்து சேர்ந்தன, ஆட்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

நம்மிடம் ஆட்கள் இல்லையா? சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) முழுநீளப் படம்தான். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதில் சிறுவன் அப்போயை அடிக்கும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். மகன் படித்துக் கரையேற வேண்டுமே என்ற பயத்தில் அடிக்கிறார். அந்தப் பயம் எந்த வேலையிலிருந்து, எந்தச் சம்பளத்திலிருந்து வருகிறது என்று படம் காட்டுகிறது. அவரை நாம் மன்னிப்பதில்லை. ஆனால் அவர் நமக்குத் தெரிந்தவர்.

அந்த மூவரும் போன வாரம் திரும்ப வந்தார்கள். திரைக்கதையில் அப்பா இப்போது தேங்காய் உரிக்கிறார். வலக் கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு, அதனால் வேட்டி முடிச்சு போடச் சிரமப்படுகிறார். மகள்தான் தினமும் முடிந்துவிடுகிறாள். ஓடிப்போன மறுநாள் காலை அவர் முடிச்சு போடாமல் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசி வாசகத்தை எடுத்துவிட்டார்கள். பெண் சாகவில்லை. பையன் பாத்திரத்துக்கு மட்டும் இன்னும் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

‘பாவக் கதைகள்’ பார்க்காதவர்கள் இந்த இரண்டு படங்களையும் ஒரே உட்காரலில் பாருங்கள், ‘தங்கம்’ முதலில். தண்ணீரை முன்னாலேயே குடித்துவிட்டு உட்காருங்கள்.